வெள்ளை எங்கிருந்து வருகிறது?

கல்லூரி மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். தாத்தாவின் புகைப்படத்தை டிரான்ஸ்ஃபர் பேப்பரில் அச்செடுத்து, கறுப்பு டி-ஷர்ட்டின் மேல் வைத்து இஸ்திரி போட்டாராம். காகிதத்தில் அவ்வளவு தெளிவாக இருந்த படம், உரித்துப் பார்த்தால் ஏறக்குறைய இல்லை. வேட்டி போய்விட்டது, நரைத்த மீசையும் போய்விட்டது. மை மட்டமானதா என்று கேட்கிறார்.

மையில் குறையில்லை. வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மையே கிடையாது. இந்தக் கைவேலையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். வான்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கை வைத்துத்தான் அது எல்லா நிறத்தையும் சமாளிக்கிறது. வெள்ளை வரவேண்டிய இடத்தில் எதையும் தெளிக்காமல் கடந்து போகிறது. அங்கே நாம் பார்ப்பது வெறும் காகிதம். மற்ற நிறங்களும் அந்தக் காகிதத்தை நம்பியே இருக்கின்றன. வெளிச்சம் மையை ஊடுருவி, அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பும்போதுதான் மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். அடியில் கறுப்புத் துணி இருந்தால் வெளிச்சம் திரும்பி வராது. படத்தில் பாதி மை என்றால் மீதி துணி.

டிரான்ஸ்ஃபர் பேப்பரின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று பூசப்பட்டிருக்கும். மை அதில்தான் தங்குகிறது. சூடு பட்டதும் படலம் இளகி, அழுத்தத்தில் பருத்தி இழைகளுக்குள் இறங்கி, ஆறியதும் பிடித்துக்கொள்கிறது. வெளிர்நிறத் துணிக்கான தாளில் இந்தப் படலம் நிறமற்றது. படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, கவிழ்த்து வைத்துத் தேய்க்க வேண்டும். அடர்நிறத் துணிக்கான தாள் வேறு. அதில் படலமே வெள்ளை. படத்தைத் திருப்பாமல் அச்சிட்டு, ஓரம் வெட்டி, பின்தாளை உரித்துவிட்டு, நிமிர்த்தி வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கலாம். எங்கள் வீட்டு வாசலில் வெள்ளை டைல்ஸ் பதித்த பிறகு, அம்மா காவியை அகலமாகப் பூசி, அது காய்ந்த பின்தான் மாக்கோலம் போடுவார். கோலம் தெரிய அடியில் வேறு நிறம் வேண்டும். மாணவியின் தாத்தாவுக்கு வேண்டியிருந்ததும் அப்படி ஓர் அடித்தளம்தான்.

வெள்ளை மையை ஏன் பிரிண்டரில் வைக்கவில்லை? வெள்ளை நிறத்தைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. கனமான துகள், சும்மா விட்டால் அடியில் படிந்து, மை வரும் நுண்துளைகளை அடைத்துவிடும். திருப்பூர்ப் பட்டறைகளில் இப்போது ஓடும், படத்தைப் படலத்தில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் டி.டி.எஃப். இயந்திரங்களில் வெள்ளை உண்டு. அதற்காகவே மையை ஓயாமல் கலக்கிக்கொண்டும் சுழலவிட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். விளையாட்டு ஜெர்சிகளில் பார்க்கும் சப்ளிமேஷன் அச்சிலோ சாயம் ஆவியாகி பாலியஸ்டருக்குள் போய்விடுகிறது. அங்கேயும் வெள்ளை கிடையாது, துணிதான் வெள்ளையாக இருக்க வேண்டும்.

இனி தேய்க்கும் முறை. இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் இருந்தால் முதலில் அதைக் கொட்டிவிடுங்கள். நீராவிப் பெட்டியின் அடியிலுள்ள ஓட்டைகளுக்கு நேரே சூடும் அழுத்தமும் இறங்காது; பெட்டியை நகர்த்திக்கொண்டே இருக்காவிட்டால் அந்த இடங்களில் படம் ஒட்டாது. மெத்தைமேலோ போர்வை மடிப்பின்மேலோ வைத்துத் தேய்த்தால் அழுத்தமெல்லாம் கீழே அமுங்கிப்போகும். மரப்பலகைதான் சரி. இன்னொன்று: இங்க்ஜெட்டுக்கான தாளை ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டரில் கொடுத்துவிடாதீர்கள். உள்ளேயிருக்கும் சூடான உருளையில் படலம் உருகி ஒட்டி, இயந்திரமே பாழாகும்.

இவ்வளவு மெனக்கெட்டு எதை அச்சிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம். ஒருநாள் சுற்றுலாவுக்கு, ஒரு மாலைநேரப் பிறந்தநாளுக்கு, ஒரு மாரத்தானுக்கு என்று புதிதாக வாங்கி, தேதியைப் பெரிதாகப் போட்டுவிடுகிறோம். தேதி போட்ட சட்டையை மறுவாரம் யார் போடுகிறார்கள்? ஒரு டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆவதாகப் பரவலாகக் கணக்குச் சொல்கிறார்கள். சாயத்தின் விலை இதில் சேராது. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவுக்காக 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆறு கொடுத்த துணியை அரைநாள் உடுத்திக் கழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய சட்டையே இதற்கு ஏற்றது. பலமுறை துவைத்த பருத்தி இனிச் சுருங்காது. சுருங்காத துணியில் படம் அவ்வளவாக வெடிக்காது. கஞ்சியோ வாசனைத் திரவமோ போடாமல் அலசிக் காயவைத்து எடுங்கள். படம் ஒட்டிய பின் ஒருநாள் விட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவையுங்கள். அச்சின்மேல் நேராகப் பெட்டியை வைக்க வேண்டாம், படலம் மறுபடி இளகி பெட்டியோடு வந்துவிடும்.