பனிப் பருவத்தில் பின்வண்டியுடன்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு குடும்பம் ஸான் பிரான்ஸிஸ்கோவை விட்டு நியூ ஜெர்ஸிக்குக் குடிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் கடற்கரையிலிருந்து கீழ்க் கடற்கரைக்குப் பிரயாணம், மாதமோ ஜனவரி, வீட்டுச் சாமான்கள் யாவும் மோட்டாருக்குப் பின்னால் மாட்டிய ஒரு பின்வண்டியில். 'டிரெய்லர்' என்று அவர்கள் சொல்லும் இந்தப் பின்வண்டியை இழுத்துக்கொண்டு தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவது அங்கே அதிசயமான காரியமன்று. கோடையில் அது உல்லாசப் பிரயாணமாகக்கூட இருக்கும். பனிப் பருவத்திலோ, பூகோளப் படத்தை மேஜைமேல் விரித்து வழியைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஓர் இரவிலேயே குடும்பத்தின் க்ஷேமத்தில் பெரும் பகுதி நிச்சயமாகிவிடுகிறது.

படத்தைப் பார்த்தவுடன் எவர் விரலும் 80-ஆம் நம்பர் ராஜபாட்டையின் மேல்தான் போய் நிற்கும். ஸான் பிரான்ஸிஸ்கோவில் தொடங்கி நியூ ஜெர்ஸியிலேயே முடியும் சாலை. நீளம் சுமார் 2,900 மைல். இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் படத்தில் மலையின் உயரமும் காற்றின் வேகமும் தெரிவதில்லையே!

புறப்பட்ட அன்றே குறுக்கே நிற்பது ஸியரா நெவாடா மலை. சாலை அங்கே சுமார் 7,200 அடி உயரத்தில் டோனர் கணவாயைக் கடக்கிறது. சராசரியாக வருஷத்துக்கு 30 அடி பனி பெய்யும் இடம் அது. 1952-ஆம் வருஷம் ஜனவரியில், இம்மலையில் ஒரு சொகுசு ரயில் 226 பேருடன் பனியில் புதைந்து மூன்று நாள் நின்றது. ரயிலுக்கே அந்தக் கதியென்றால் நம் பின்வண்டி எம்மாத்திரம்?

கணவாய்க்கு அப்பெயர் வந்த வரலாறு இன்னும் கொடியது. 1846-ஆம் வருஷம் ஏப்ரலில் டோனர் என்னும் குடும்பத்தினரும் அவர்களுடைய கூட்டாளிகளும் எருது பூட்டிய வண்டிகளில் இல்லினாய் மாகாணத்திலிருந்து காலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். ஹேஸ்டிங்ஸ் என்பவர் புத்தகத்தில் எழுதியிருந்த குறுக்கு வழியை நம்பிப் பாதி தூரத்தில் பழைய தடத்தை விட்டு விலகினார்கள். புத்தகம் எழுதியபோது அம்மனிதர் அந்த வழியில் ஒருமுறையும் போனதில்லை! குறுக்கு வழி நீள வழியாக முடிந்தது. வாரக்கணக்கில் காலம் வீணாகி, அவர்கள் கணவாயின் அடியை எட்டும்போது பனி விழத் தொடங்கிவிட்டது. 87 பேரில் உயிர் தப்பியவர்கள் 48 பேர். பசிக்கு அவர்களிற் சிலர் எதை உண்டார்கள் என்று எழுத நமக்குக் கை கூசுகிறது.

நிற்க. ஸியராவைத் தாண்டிவிட்டோம் என்று பெருமூச்சு விட்டால், அப்பால் வயோமிங் மாகாணம் காத்திருக்கிறது. அங்கே மலையைவிடப் பெரிய எதிரி காற்று. லாரமி நகருக்கு மேற்கே பழைய சாலை வடக்கு நோக்கி வளைந்து சுற்றிக்கொண்டு போயிற்று. சில மைல்கள் மிச்சமாகும் என்று எல்க் மலையின் ஓரமாக 77 மைலுக்கு நேர்ச் சாலை போட்டு 1970 அக்டோபரில் திறந்து வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் பனியும் காற்றும் சொல்லத்தரமற்றவை என்று ஆடுமாடு மேய்க்கும் உள்ளூர்க்காரர்கள் முன்னமே எச்சரித்திருந்தார்கள். படித்த எஞ்சினீயர்கள் கேட்கவில்லை. விளைவு, பனிக் காலத்தில் அடிக்கடி மூடப்படும் சாலை என்ற கீர்த்தி. தரையில் கிடக்கும் பனியைக் காற்று வாரி இறைக்கும்போது வண்டியோட்டிக்குத் தன் வண்டியின் மூக்கே தெரியாது. பிறகு மைல் கணக்காகப் பனித் தடுப்பு வேலிகள் கட்டித்தான் சற்றுச் சமாளித்தார்கள். இன்றும் காற்று மிகும் நாட்களில், சாலையில் துளிப் பனி இல்லாவிட்டாலும், உயரமாயும் பாரம் குறைந்ததாயும் உள்ள வண்டிகள் போகக்கூடாது என்று தடை போடுகிறார்கள். அந்தத் தடைக்கு முதலில் ஆளாவது பின்வண்டிதான். சாலையின் குறுக்கே படலை இறக்கிவிட்டால் லாரமியிலும் ராலின்ஸிலும் விடுதி அறைகள் உடனே நிரம்பிவிடும்.

ஆகவே, தெற்கே சுற்றிப் போவதே உத்தமம் என்பது நம் அபிப்பிராயம். நடுவிலுள்ள 40-ஆம் நம்பர்ச் சாலையும் அரிஸோனாவில் பிளாக்ஸ்டாப் அருகே 7,000 அடிக்கு மேல் ஏறுகிறது; அங்கும் பனி உண்டு. லாஸ் ஏஞ்ஜலிஸ், பீனிக்ஸ், டூஸான், எல் பாஸோ வழியாக 10-ஆம் நம்பர்ச் சாலையில் போய், டல்லாஸ், அட்லாண்டா வழியாக வடகிழக்கே திரும்பினால் ஏறக்குறைய 500 மைல் அதிகம். பெட்ரோல் செலவும் இரண்டு நாளும் கூடும். 'வீண் சுற்று' என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால், ஹேஸ்டிங்ஸின் புத்தகத்தை நினைவூட்டலாம். தெற்கிலும் ஆபத்து அறவே இல்லையென்று சொல்லமாட்டோம். 2021 பிப்ரவரி 11-ஆம் தேதி டெக்ஸாஸில் போர்ட் வொர்த் நகரில் சாலைமேல் உறைந்த மெல்லிய பனிப் படலத்தில் 130-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேலொன்று மோதின. 6 பேர் மாண்டார்கள். ஆனால் தெற்கே இப்படிப்பட்ட குளிர் சில நாட்களில் கலைந்துவிடும். விடுதியில் தங்கிக் காத்திருந்தால் போதும்.

இனி, பின்வண்டி. நம் ஊர் மாட்டுவண்டிக்காரர் மூட்டை ஏற்றும்போது 'முன்பாரம், பின்பாரம்' பார்ப்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். மோட்டாரில் பூட்டும் பின்வண்டிக்கும் சாஸ்திரம் அதுவே. மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் 10 முதல் 15 பங்கு வரை இணைப்புக் கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். 5,000 ராத்தல் வண்டியானால் 500 முதல் 750 ராத்தல். இது குறைந்தால் வேகமாகப் போகையில் பின்வண்டி பாம்பின் வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அப்போது மோட்டாரின் பிரேக்கைத் திடீரென்று மிதிப்பது பெரும் பிசகு. வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, பின்வண்டியின் பிரேக்குக்குத் தனிக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்த வேண்டும். காலிபோர்னியாவில் பின்வண்டி இழுப்பவர்களுக்குச் சட்டப்படி மணிக்கு 55 மைல்தான் எல்லை. பனியில் அதுவும் அதிகம். சங்கிலிக் கட்டுப்பாடு அமலில் உள்ள மலைச் சாலைகளில், பிரேக் உள்ள பின்வண்டியின் ஓர் அச்சின் சக்கரங்களுக்காவது சங்கிலி கட்டியிருக்க வேண்டும் என்பதும் அம்மாகாணத்து விதி. சங்கிலி மாட்டும் வித்தையை வீட்டு வாசலில், வெயிலில், இரண்டு தரம் பழகிக்கொள்வது நல்லது. விறைத்த விரல்களால் இருட்டில் கற்கக்கூடிய வித்தை அன்று அது.

ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் போட்டால் குழந்தைகள் அழுவார்கள், பெரியவர்கள் சண்டையிடுவார்கள். மேலும், கிழக்கு நோக்கிப் போகிறவர்களிடம் கடிகாரம் மூன்று இடங்களில் ஒவ்வொரு மணி நேரம் திருடிக்கொள்ளும். பொழுதும் சீக்கிரம் சாயும். ஆகையால் மூன்று மணிக்கே தங்குமிடம் சேர்வது உசிதம். அதுவும் பின்வண்டியைப் பின்னுக்குத் தள்ளாமல் நேரே நுழைந்து நேரே வெளிவரக்கூடிய இடமாக இருக்கவேண்டும். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவே விடக்கூடாது. கம்பளிகள், குடிதண்ணீர், ரொட்டி, மண்வாரி முதலியவை முன்வண்டியில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பனியில் சிக்கினால் வண்டியை விட்டு இறங்கி நடக்கவேண்டாம். குளிருக்காக எஞ்சினை மணிக்குப் பத்து நிமிஷம் ஓட்டலாம். ஓட்டுமுன் புகைக்குழாயை மூடிய பனியைத் தோண்டி எடுத்துவிட்டு, ஜன்னலைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். இதை மறந்தவர்கள் நிறமும் மணமும் இல்லாத விஷ வாயுவால் தூக்கத்திலேயே இறந்ததுண்டு.

கடைசியாகத் தேதி. நியூ ஜெர்ஸியில் உத்தியோகம் 20-ஆம் தேதி என்றால், தினம் 300 மைல் வீதம் 3,400 மைலுக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். வழியில் எங்காவது மூடிய சாலைக்காக மூன்று நாள் கூட்டி, 5-ஆம் தேதியே கிளம்ப வேண்டும். அது முடியாதென்றால், வீட்டுத் தலைவர் இன்றே எஜமானருக்கு ஒரு கடிதம் எழுதி, சில நாள் தவணை கேட்பது மேல். மனைவி மக்களுக்குச் சாலையில் தெரிவிக்கவேண்டிய தைரியத்தைவிட, இந்தக் கடிதத்துக்கு வேண்டிய தைரியம் கொஞ்சந்தான்.