விரல் கருக்கும் வரை ஏன் காத்திருக்கிறீர்கள்?

"நடந்தா கெண்டைக்கால் இழுக்குதுங்க, கொஞ்சம் நின்னா சரியாப் போயிருதுங்க." சங்ககிரி வட்டாரத்தில் லாரி ஓட்டுகிறவர்களும், திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டியில் வடநாடு போகிறவர்களும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டுகிறவர்களும் இந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு மருத்துவர்களான எங்களிடம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்போது யாரும் வருவதில்லை. பெருவிரல் கருத்து, இரவுத் தூக்கம் போய், கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டபடி விடிய விடிய உட்கார்ந்திருந்த பிறகுதான் வருகிறார்கள். வயது 35, 40க்குள்தான் இருக்கும். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. சட்டைப் பையில் பீடிக்கட்டு இருக்கும்.

இப்போது அதோடு ஒரு மருந்துக்கடைக் கவரும் சேர்ந்து வருகிறது. "ரத்தக்குழாய் அடைப்புக்குக் கிருமிதான் காரணமாம், செல்போன்ல பார்த்தேனுங்க" என்று தானாகவே ஆன்டிபயாடிக் வாங்கி, மூன்று நாள் தின்று, வலி குறையாவிட்டால் வேறொன்று மாற்றி, அதையும் பாதியில் விட்டிருப்பார்கள். பீடி மட்டும் நிற்கவில்லை. அந்தக் கவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நரம்பு இழுப்பு என்று நினைத்துவிடாதீர்கள்

நான் சொல்லும் நோய்க்குப் பர்ஜர் நோய் என்று பெயர். லியோ பர்ஜர் என்ற மருத்துவர் 1908இல் நியூயார்க்கில், வெட்டி எடுக்கப்பட்ட கால்களின் ரத்தக்குழாய்களை ஆராய்ந்து இதை விவரமாக எழுதினார். கை, கால்களின் சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாகி, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். கொழுப்பு படிந்து வரும் அடைப்பிலிருந்து இது வேறுபட்டது. புகையிலைப் பழக்கம் இல்லாதவருக்கு இது வருவது மிக மிக அரிது.

குறிப்பிட்ட தூரம் நடந்ததும் பாதமோ கெண்டைக்காலோ பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். நாளாக ஆக அந்தத் தூரம் குறையும். முதலில் ஊர் முனை வரை நடந்தவர் பிறகு தெருமுனையிலேயே நிற்பார். பாதம் சில்லென்று இருக்கும், நிறம் வெளுக்கும் அல்லது நீலம் பாயும். சிலருக்குத் தோலுக்கு அடியில் சிவந்த கயிறு மாதிரி ஒரு ரத்தநாளம் வீங்கி, ஓரிடத்தில் ஆறி வேறிடத்தில் தோன்றும். ஓட்டுநர்கள் இதையெல்லாம் கிளட்ச் மிதித்த அசதி என்றும், தறிக்காரர்கள் நாள் முழுக்க நின்ற களைப்பு என்றும் சொல்லித் தள்ளிப்போடுகிறார்கள். அசதி ஓய்வெடுத்தால் போகும். இந்த நோய் முற்றினால் படுத்தால்தான் வலி கூடும்.

கிருமி: எது உண்மை, எது வதந்தி?

கிருமிப் பேச்சு முழுக்கப் பொய்யில்லை, அதனால்தான் ஆபத்தாகிவிட்டது. 2005இல் ஜப்பானிய மருத்துவர்கள் பர்ஜர் நோயாளிகளின் அடைபட்ட ரத்தக்குழாய்த் துண்டுகளைச் சோதித்தார்கள். 14 துண்டுகளில் 13இல் ஈறு நோயை உண்டாக்கும் வாய்க் கிருமிகளின் மரபணுத் தடயம் கிடைத்தது. ஈறு சீழ்பிடித்து ரத்தம் கசியும் வாயிலிருந்து, பல் துலக்கும்போதும் மெல்லும்போதும் கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். அவை ரத்தக்குழாய் வரை போய் அழற்சியைத் தூண்டலாம் என்பது நியாயமான சந்தேகம்.

ஆனால் தடயம் கிடைத்ததாலேயே அந்தக் கிருமிதான் குற்றவாளி என்று ஆகிவிடாது. நாள் முழுக்கப் புகைப்பவரின் ஈறு எப்படியும் கெட்டுத்தான் இருக்கும். புகையிலை ஈறையும் கெடுக்கிறது, ரத்தக்குழாயையும் கெடுக்கிறது. எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை.

கிருமியைக் கொன்றால் ரத்தக்குழாய் நோய் அடங்குமா என்பதை இதய நோயில் பெரிய அளவிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மாரடைப்புக்கு கிளமிடியா நிமோனியே என்ற பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என்று ஒரு காலத்தில் பலமாக நம்பப்பட்டது. அதே 2005இல் இரண்டு ஆய்வுகளின் முடிவு வெளிவந்தது. ஒவ்வொன்றிலும் 4,000 பேருக்கு மேல். ஒன்றில் வாரம் ஒரு முறை அசித்ரோமைசின் ஓராண்டு கொடுத்தார்கள். மற்றதில் கேட்டிஃப்ளாக்சசின் மாதாமாதம் சில நாள் என்று ஏறக்குறைய இரண்டாண்டு. மாரடைப்பும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. மருத்துவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் கொடுத்தே பலன் தராத மருந்தை, கடையில் மூன்று நாளைக்கு வாங்கித் தின்று கால் அடைப்பைக் கரைக்க முடியுமா? தயவுசெய்து யோசியுங்கள்.

புண்ணில் சீழ் பிடித்தால் ஆன்டிபயாடிக் தேவைதான். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கண்டபடி தின்று பழகிய உடம்பில், நிஜமாகவே தேவைப்படும் நாளில் எந்த மருந்துக்கும் கிருமி மசிவதில்லை. ஐந்தாறு மருந்து மாற்றிய பிறகு வரும் புண்ணை ஆற்ற நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

"பீடிதானுங்க, சிகரெட் இல்லையே"

இலை சுற்றியது, இயற்கையானது, தூளும் கொஞ்சம்தான் என்று சமாதானம் சொல்கிறார்கள். பீடி அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க ஆழமாக, திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன. பீடி குடிப்பவர்களுக்கு இந்நோய் அதிகம் வருவதை வங்கதேச ஆய்வு காட்டியிருக்கிறது. நம் வெளிநோயாளிப் பிரிவிலும் அதைத்தான் பார்க்கிறோம்.

"பத்து குடிச்சேன், ரெண்டாக் கொறச்சுட்டேனுங்க" என்பது அடுத்தது. இந்த நோய்க்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கே கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு பீடி போதும், அடைப்பு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பீடியை விட்டுவிட்டு உதட்டுக்கடியில் புகையிலை அடக்கினாலும் அதே கதிதான். பல்வலிக்குப் புகையிலை வைப்பது நம் பக்கத்தில் பெண்களிடமும் உண்டு. வலி மரத்துப் போகும், அவ்வளவே. ஈறு இன்னும் கெடும்.

ரத்தக்குழாய் நோய்க்கு ஏழை, பணக்காரர் தெரியாது. பழைய ரூபாய் நாணயத்தில் தலை பொறித்திருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஓயாமல் புகைத்தவர். 1949இல் வலது காலைக் காப்பாற்ற அவருக்கு அறுவைசிகிச்சை நடந்தது. பர்ஜர் நோய் என்றே சொல்லப்பட்டது. 1951இல் புற்றுநோயால் ஒரு நுரையீரல் போயிற்று. 1952 பிப்ரவரியில், 56 வயதில் இறந்தார். உலகின் சிறந்த மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

காலைப் பாழாக்கும் கைவைத்தியம்

ஒரு ரிக் வண்டி ஓட்டுநர். விரல் நுனியில் மிளகு அளவு புண். வீட்டில் உப்புப்போட்ட வெந்நீரில் தினமும் காலை வைத்திருக்கிறார். பாதம் மரத்திருந்ததால் சூடு தெரியவில்லை. மனைவி கட்டைப் பிரித்தபோது பாதத்தின் மேல்புறத் தோல் துணியோடு வழண்டு வந்தது. புண்ணைவிடப் பெரிய காயம் அந்த வெந்நீரால் வந்தது. "சூடு பட்டா ரத்தம் ஓடும்னு சொன்னாங்க சார்" என்று அந்த அம்மா அழுததற்கு என்னிடம் பதில் இல்லை.

சூடு பட்டால் அந்த இடத்துக்கு ரத்தம் இன்னும் அதிகமாகத் தேவைப்படும். குழாய் அடைத்திருக்கும்போது அது எங்கிருந்து வரும்? டீசல் வராத வண்டியை மேட்டில் ஏற்றச் சொல்வது போன்ற வேலை இது. ஒத்தடம், தணல், மின்சார ஹீட்டிங் பேடு எதுவும் வேண்டாம்.

எருக்கம்பாலை ஆணிக்காலில் விடுவது, புண்ணில் சுண்ணாம்பு அப்புவது, வண்டியில் இருக்கும் டீசலையோ கிரீஸையோ தடவுவது, கருத்த விரலை வீட்டிலேயே பிளேடால் சீவுவது, இத்தனையும் பார்த்தாயிற்று. எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவதால் உறைகட்டி கரையாது. நலிந்த தோல் கிழியும். காலை இறுக்கிக் கட்டுவதும், வெரிகோஸ் நோய்க்கான இறுக்கச் சாக்ஸை யாரோ சொன்னார்கள் என்று மாட்டிக்கொள்வதும் இருக்கும் கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும். வெரிகோஸ் என்பது ரத்தம் மேலே திரும்பாத நோய். இது ரத்தம் கீழே வராத நோய். ஒன்றின் மருந்து மற்றதற்கு விஷம்.

பரிசோதனை

நீங்கள் வந்ததும் நாங்கள் செய்வது இவ்வளவுதான்: பாத நாடியைத் தொட்டுப் பார்ப்பது, கை-கால் ரத்த அழுத்த ஒப்பீடு, டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம். சர்க்கரை, கொழுப்பு ரத்தப் பரிசோதனைகள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துருவாங்க"

தாமதத்துக்கு முதல் காரணமே இந்தப் பயம். சீக்கிரம் வந்து, புகையிலையை அடியோடு விட்டவர்களுக்குக் காலை எடுக்கும் நிலை வருவது மிகக் குறைவு. அமெரிக்காவில் இந்நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், விட்டவர்களில் ஒன்றிரண்டு பேரைத் தவிர யாரும் உறுப்பை இழக்கவில்லை. விடாதவர்களில் பத்துக்கு நான்கு பேர் விரலையோ காலையோ இழந்தார்கள்.

சிலோஸ்டசால் போன்ற மாத்திரைகள், ஐலோப்ரோஸ்ட் ஊசி, ரத்தக்குழாயைச் சுருக்கும் நரம்பு முடிச்சை நீக்கும் அறுவைசிகிச்சை ஆகியவை வலியைக் குறைக்கும், புண் ஆற உதவும். அடைப்பு சிறு குழாய்களில் இருப்பதால் பைபாஸ் எல்லோருக்கும் சாத்தியமில்லை. எல்லாச் சிகிச்சையும் பீடி நின்ற பிறகுதான் வேலை செய்யும். ஈறு சிகிச்சையையும் இதோடு சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். கிருமிச் சந்தேகத்துக்கு இன்று நாம் செய்யக்கூடிய சரியான காரியம் பல் மருத்துவரைப் பார்ப்பதுதான்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு ஒரு மணி நேரத் தூரம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தக்குழாய் அறுவைசிகிச்சைக்கென்றே தனித்துறை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கார்டு எடுக்காதவர்கள் நோய் வருமுன் எடுத்து வையுங்கள்.

கைகூப்பிக் கேட்கிறேன்

ஓட்டுநர் தம்பிகளே, தூக்கம் வராமல் இருக்கப் பீடி என்கிறீர்கள். தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். நீங்களாக விட முடியவில்லையென்றால் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள், அல்லது என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து உட்காருங்கள், திட்டமாட்டோம். நிகோடின் பட்டையையோ சூயிங்கத்தையோ நீங்களே வாங்கிப் போடாதீர்கள், இந்த நோய்க்கு அதுவும் ஆகாது. வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

வீட்டுப் பெண்களே, வண்டி விட்டு இறங்கி வந்த மனிதரின் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால், விரலிடுக்கில் புண் இருந்தால், மறுநாளே கூட்டி வாருங்கள். லாரி உரிமையாளர்களும் பட்டறைக்காரர்களும் அந்த ஒரு நாளைக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். கால் போன ஓட்டுநரின் குடும்பத்தை யார் காப்பாற்றுவது?

திடீரென்று கால் வெளுத்து, மரத்து, அசைக்க முடியாமல் போனால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. அடைப்பை எடுத்துக் காலைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் இருக்கிறது. மாத்திரை தேடாதீர்கள், எண்ணெய் தேடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வழியில் எந்த ஊரில் இருந்தாலும் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.