கொதிக்கும் காரும் குளிர்விக்கும் நீரும்

கோடை விடுமுறையில் வத்தலக்குண்டு வழியே கொடைக்கானல் மலையேறுகையில், வளைவோரத்தில் பானெட்டைத் திறந்து வைத்து ஆவி பறக்க நிற்கும் கார்களை நாம் கண்டிருக்கிறோம். “ரேடியேட்டர் கொதித்துவிட்டது” என்பார்கள் பெரியவர்கள். மலைப்பாதையில் மெல்ல மெல்ல வரும் இத்தொல்லை, பந்தய மைதானத்தில் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். ஆகவே பந்தயக்காரர் தம் காரைப் பேணும் முறை நமக்கும் நல்ல பாடமாகும்.

கார்ப் பந்தயம் நம் மாநிலத்திற்குப் புதிதன்று. சென்னைக்கருகே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் 1950களிலிருந்து பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானம் அமைந்தது. 2003இல் கோவை செட்டிப்பாளையத்தில், பந்தயக் கார்களைத் தாமே உருவாக்கிய கரிவரதனின் பெயரால் 2.1 கிலோமீட்டர் ஓடுபாதை திறக்கப்பட்டது.

வெப்பம் எங்கே போகிறது?

பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை நீர் சுமந்து சென்று, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். மைதானத்தில் எஞ்சின் ஓய்வின்றி முழு வேகத்தில் உழைக்கிறது. மலையிலோ எஞ்சின் பாடுபடுகிறது. ஆனால் கார் ஊர்ந்து செல்வதால் காற்று போதவில்லை. அத்துடன், கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இங்கேதான் ரேடியேட்டர் மூடி உதவுகிறது. அது நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடி போன்றது. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, நீரின் கொதிநிலையைக் கடல் மட்டத்தில் ஏறக்குறைய 120 டிகிரி வரை உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் இப்பயன் போய்விடும்.

செய்ய வேண்டியவை

போர்த் தண்ணீரை ஊற்றக்கூடாது. வெந்நீர் அண்டாவின் அடியில் உப்பு படிவது போல, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைத்துவிடும். கார் நிறுவனம் குறிப்பிடும் கூலண்டே வீட்டுக் காருக்கு ஏற்றது. பந்தயக்காரர்களில் பலர் காய்ச்சி வடித்த நீரில் துருத்தடுப்பு மருந்து மட்டும் கலக்கிறார்கள். கூலண்டில் உள்ள கிளைக்கால் பாதையில் சிந்தினால், பின்வரும் கார் வழுக்கிவிடும் அல்லவா?

ரப்பர் குழாய்கள் வெடித்துள்ளனவா, பெல்ட் தளர்ந்துள்ளதா, ரேடியேட்டரின் தகடுகளில் மண்ணும் பூச்சியும் அடைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். பந்தயம் முடிந்ததும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி எஞ்சினை ஆற்றுவது வழக்கம். மலையேறி முடித்ததும் நாமும் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு நிறுத்தலாம்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

வழியில் வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால், ஏ.சி.யை அணைத்து, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்துங்கள். அவசரப்பட்டு மூடியைத் திறக்கவே கூடாது! அழுத்தம் விலகிய அந்த நொடியே உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பீறிட்டு, முகத்தையும் கைகளையும் வேகச் செய்துவிடும். குக்கரில் ஆவி அடங்குமுன் நாம் மூடியைத் திறப்போமா? அரைமணி நேரமாவது பொறுத்து, எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே, தடித்த துணியால் பிடித்து மெல்லத் திருக வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது விரிசல் காணக்கூடும்.

“இது ஆண்கள் வேலை” என்று நாம் ஒதுங்கிவிட வேண்டாம். நாளை கார் ஓட்டப் போகிறவர்கள் நாமே. அடுத்த பயணத்தன்று காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, “அப்பா, ரேடியேட்டரைப் பார்த்துவிட்டீர்களா?” என்று கேட்போம். அந்த ஒரு கேள்வி, மலை வளைவில் ஒரு குடும்பத்தின் கண்ணீரைத் தடுக்கலாம்.