குழாய்நீரில் மறைந்து வாழும் கிருமி

ஊரில் வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துச் சேற்றை அள்ளி, புதுநீர் ஊறிய பின்னரே குளோரீன் தூள் இடுவர். முதலில் இறைப்பு, பின்பு மருந்து. நாம் இங்கு வாழும் அடுக்குமாடி வீடுகளின் குழாய்களுக்கும் இவ்வரிசையே பொருந்தும்.

1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் முன்னாள் படைவீரர் மாநாடு நடைபெற்றது. அதனையடுத்து 200 இற்கும் மேற்பட்டோர் கடும் நியூமோனியாவுக்கு ஆளாயினர். ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். மறு ஆண்டு கண்டறியப்பட்ட பற்றீரியா, 'லீஜன்' என்னும் அவ்வமைப்பின் பெயரால் லெஜியோனெல்லா எனப்பட்டது. ஜேர்மனியிலும் 2010 இல் உல்ம் நகரிலும் 2013 இல் வார்ஸ்டைனிலும் இந்நோய் உயிர்களைக் கவர்ந்தது.

இக்கிருமியுள்ள நீரைக் குடிப்பதை விட, ஷவரில் எழும் நுண்துளிகளை மூச்சுடன் உள்ளிழுப்பதே ஆபத்தானது. 25 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான, தேங்கிய நீரில் இது செழித்துப் பெருகும்.

குளோரீன் கலந்தால் தீராதா எனப் பிள்ளைகள் வினவக்கூடும். குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலமொன்று படிகின்றது. கிருமிகள் அதனுள்ளும், அங்கு வாழும் அமீபாக்களின் உடலினுள்ளும் பதுங்குகின்றன. குளோரீனோ படலத்தின் மேற்பரப்பிலேயே பெரிதும் செலவழிந்துவிடுகின்றது. அளவைக் கூட்டினால் உலோகக் குழாய் அரிக்கும். அண்டையிலுள்ள பேர்லினில் குழாய்நீருக்கு வழமையாகக் குளோரீன் சேர்ப்பதேயில்லை.

எனவே வெப்பமும் ஓட்டமுமே முதற்காவல். பெரிய கட்டடங்களில் சுடுநீர் 60 பாகையில் கொதிகலனை விட்டு வெளியேற வேண்டும். சுற்றித் திரும்புகையில் 55 இற்குக் குறையலாகாது. சோதனையில் 100 மில்லிலீற்றர் நீரில் 100 கிருமிக் கூட்டங்கள் காணப்பட்டால், கட்டட உரிமையாளர் காரணத்தை ஆராய்ந்தே ஆகவேண்டும். அப்போது ஒவ்வொரு குழாயிலும் 70 பாகை நீரை மூன்று நிமிடம் ஓடவிடுவதும், குளோரீன் ஈரொட்சைட்டு போன்ற தொற்றுநீக்கிகளைச் செலுத்துவதும் உண்டு. தேக்கம் நீங்காவிடின் கிருமி மீண்டும் வரும்.

எமது ஷோனெஃபெல்ட் விமான நிலையம் 2012 யூன் மாதம் திறக்கப்படவிருந்து, 2020 ஒக்ரோபரிலேயே திறக்கப்பட்டது. இவ்வாறு பயன்பாடின்றி நிற்கும் கட்டடங்களில், எவரேனும் திறந்துவிட்டாலன்றி நீர் குழாய்களிலேயே நிற்கும்.

கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் எமது வீடுகளும் அத்தகையனவே. திரும்பியதும் யன்னல்களைத் திறவுங்கள். ஷவர்த் தலையை வாளிக்குள் அமிழ்த்தி, துளி பறவாதபடி சுடுநீரையும் குளிர்நீரையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். சுடுநீரில் சிறுவர் கை வைக்காதிருக்கட்டும். உடன் வந்த அம்மம்மா அதன் பின்னர் குளிக்கட்டும். முதியோரையும் புகைப்பிடிப்போரையுமே இந்நோய் பெரிதும் தாக்குகின்றது.