வேலைப் பட்டியல் செயலி: நுழையும் முன் வெளியேறும் வழியைப் பாருங்கள்

பெர்லினில் பிறந்த வுண்டர்லிஸ்ட் என்ற செயலிக்கு ஒரு காலத்தில் உலகம் முழுக்க ரசிகர்கள் இருந்தார்கள். மளிகைச் சாமான் முதல் அலுவலக வேலை வரை எழுதி வைத்து, முடிந்ததும் டிக் அடிக்கலாம், அவ்வளவுதான். 2015-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2020 மே 6-ஆம் தேதி இழுத்து மூடியது. முன்கூட்டியே சொல்லி, பட்டியல்களைத் தன் இன்னொரு செயலிக்கு மாற்றிக்கொள்ளவும் வழி கொடுத்தது. அதற்கு முன்பு ஆஸ்ட்ரிட் என்ற செயலியை 2013 மே மாதம் வாங்கிய யாஹூ, ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது.

எந்தச் செயலி நல்லது என்று கேட்டால் பலரும் வசதிகளை ஒப்பிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்: நினைவூட்டல் உண்டா, காலண்டரோடு சேருமா, நிறம் மாற்றலாமா. இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். முதலில் கேட்க வேண்டியவை வேறு. எழுதியதை மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா? கட்டும் பணத்தை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியுமா? கணக்கை அழித்தால் உண்மையிலேயே அழியுமா?

எவர்நோட் என்ற குறிப்புச் செயலியை ஓர் இத்தாலிய நிறுவனம் வாங்கிய பிறகு, 2023 டிசம்பரில் இலவசப் பயனருக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டு என்று வரம்பு வந்தது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் எழுதி வைத்திருந்தவர்கள் பழையதைப் படிக்கலாம், வெளியே எடுக்கலாம். புதிதாக ஒன்று சேர்க்கப் பணம் கட்ட வேண்டும். விதிகளை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று இத்தகைய நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் முன்பே எழுதி வைத்துவிடுகின்றன. நாம் படிக்காமல் 'சம்மதம்' தட்டிய அதே ஒப்பந்தம்தான். ஆகவே, செயலியை நிறுவிய முதல் நாளே நாலு வரி எழுதி, 'எக்ஸ்போர்ட்' கொடுத்துப் பாருங்கள். வரும் கோப்பு வேறு மென்பொருளில் திறக்கிறதா? திறக்காவிட்டால் அந்தச் செயலி வேண்டாம். கூகுள் டாஸ்க்ஸ், கீப் இரண்டிலும் இருப்பதை 'டேக்அவுட்' வழியாக எடுக்கலாம். சாதாரண எழுத்துக் கோப்பாகவே பட்டியலை வைத்துக்கொள்ளும் டுடூ டாட் டிஎக்ஸ்டி முறை 2006 முதல் இருக்கிறது. பார்க்க அழகாக இராது, ஆனால் அதை யாரும் இழுத்து மூட முடியாது.

வேலைப் பட்டியலில் என்ன ரகசியம் இருந்துவிடப்போகிறது என்று தோன்றும். 'செவ்வாய் ஸ்கேன்', 'அடகு நகை மீட்க', 'வக்கீலுக்கு போன்' — இந்த மூன்று வரி போதும், ஒருவரின் உடம்பும் கடனும் வழக்கும் தெரிந்துவிடும். சிலர் பாஸ்வேர்டையும் அங்கேயே எழுதுகிறார்கள். ட்ரெல்லோ என்ற பலகைச் செயலியில் 'எல்லோரும் பார்க்கலாம்' என்று வைக்கப்பட்ட பலகைகள் கூகுள் தேடலிலேயே வந்தன. 2018-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பாஸ்வேர்டுகளே அப்படி வெளியே கிடந்தன. பலகையைத் திறந்து வைத்தவர் பயனர்தான். செயலியில் ஓட்டை எதுவும் இல்லை. இன்னொன்று: அலுவலகக் கணக்கில் சொந்த விஷயத்தை எழுதாதீர்கள். அந்தக் கணக்கு நிறுவனத்துக்குச் சொந்தமானது. வேலையை விட்ட அன்றே அது பூட்டப்படலாம், உங்கள் பட்டியலோடு சேர்த்து.

அரசு உத்தரவாலும் கதவு மூடும். 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 சீனச் செயலிகளில் கேம்ஸ்கேனரும் ஒன்று. நம் ஊரில் ஆதார் முதல் மதிப்பெண் சான்றிதழ் வரை எத்தனை பேர் அதில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள்!

பணத்துக்கு வருவோம். 'ஏழு நாள் இலவசம்' என்று சொல்லி கார்டு எண்ணையோ யூபிஐ ஆட்டோபேயையோ வாங்கிக்கொள்ளும் செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும்; ஆட்டோபே கொடுத்திருந்தால் யூபிஐ செயலியிலும் அதை ரத்து செய்யலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும், அதிலேயே மறுக்கவும் வழி இருக்க வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். சேருவதை எளிதாக்கி, விலகுவதை மட்டும் சிக்கலாக்கும் தந்திரத்துக்கு 'சந்தாப் பொறி' என்று பெயர். 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று வடிவமைப்புகளில் அதுவும் ஒன்று.

தகவல் உரிமைக்கு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். நீங்கள் இறந்தால் இந்த உரிமைகளை யார் பயன்படுத்துவது என்று ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வசதியையும் நிறுவனம் தர வேண்டும். ஆனால் இதன் விதிகள் வெளியானதே 2025 நவம்பரில்தான். இந்த உரிமைகளும் நிறுவனங்களின் கடமைகளில் பெரும்பகுதியும் அதிலிருந்து 18 மாதம் கழித்தே, அதாவது 2027 மே மாதத்தில்தான், அமலுக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதைப் பற்றி இந்தச் சட்டம் பேசவில்லை. ஐரோப்பியர்களுக்கு உள்ள, தன் தகவலை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும் உரிமையும் நம் சட்டத்தில் இல்லை. 2019 மசோதாவில் இருந்தது; 2023-இல் காணாமல் போனது. எக்ஸ்போர்ட் வசதியை நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

பணம் கட்டிய செயலி ஏமாற்றினால் முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். ரசீது, சந்தா பக்கம், வந்த பதில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அதற்குக் கட்டணம் கிடையாது.