கோபுரம் விழுந்தாலும் வெளிச்சம் அணையலாகாது



நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடற்கரை மேற்கு நோக்கித் திரும்பும் முனையில் அமைந்திருக்கிறது கோடியக்கரை. 1967-ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் வெளிமான்கள் கூட்டமாய் மேய்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் உப்பங்கழிகளில் வந்து இறங்குகின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடம் இது. 'பொன்னியின் செல்வன்' வாசித்தவர்கள் இங்குள்ள கலங்கரை விளக்கத்தையும் அறிவார்கள்.

இக்கரையில் மலையுமில்லை, குன்றுமில்லை. கடலிலிருந்து பார்ப்பவனுக்குத் தாழ்ந்த கரை கண்ணில் படுவதற்குள் ஆழமற்ற நீர் வந்துவிடும். ஆகவே இங்கே விளக்கு அவசியமாயிற்று. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் எஞ்சிய பகுதி, 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் அழிந்தது. ஆயினும் கரை இருளடையவில்லை. 1890-ல் ஆங்கிலேயர் காலத்தில் 13 மீட்டர் உயரக் கோபுரமும், 1998-ல் 45 மீட்டர் உயரக் கோபுரமும் ஏற்கெனவே எழும்பியிருந்தன. பூமி உருண்டையாயிருப்பதால், 13 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். 45 மீட்டரிலிருந்தோ 24 கிலோமீட்டர். உயர்ந்து நிற்கும் விளக்கே தூரத்திலிருப்பவனுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கலங்கரை விளக்கம் தனக்கென்று குறித்த கால இடைவெளியில் மின்னுகிறது. அந்த இடைவெளியைக் கொண்டே மாலுமி, "இது இன்ன கரை" என்று அறிகிறான். நினைத்தபோது எரிந்து நினைத்தபோது அணையும் விளக்கு அவனுக்கு ஆபத்தையே விளைவிக்கும்.

விமான் நகரில் வசிக்கும் நமக்கு இது புதிதல்ல. லோகேகாவ் ஓடுபாதையில் இரவில் இறங்கும் விமானங்களும் தரையிலுள்ள விளக்குகளை நம்பியே இறங்குகின்றன. நம் பிள்ளைகள் எதை நம்பி இறங்குவார்கள்?

ஊரில் தாத்தா பாட்டியின் அதிகாலை ஜெபம் நமக்குக் கலங்கரை விளக்கமாயிருந்தது. பிழைப்புக்காகப் புனே வந்தபோது அந்தக் கோபுரம் பின்னாலே நின்றுவிட்டது. இங்கே தகப்பனும் தாயும் வேலை முடிந்து வீடு சேர இரவு ஒன்பது மணியாகிறது. குடும்ப ஜெபம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்படுகிறது. இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் சரளமாய்ப் பேசும் பிள்ளைக்குத் தமிழ் வேதாகமம் எழுத்துக்கூட்டவும் கடினமாகிறது. சபை ஆராதனை வாரத்தில் சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீடே அவனுக்குக் கரை.

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில், பவுல் உட்பட 276 பேர் சூரியனும் நட்சத்திரமும் காணாமல் புயலில் அலைக்கழிக்கப்பட்டார்கள். அந்தக் கப்பலில் தேவனோடு பேசிப் பழகிய ஒரு மனிதன் இருந்தான்; அவன் மற்ற அனைவரையும் தைரியப்படுத்தினான். உங்கள் வீட்டில் அந்த மனிதன் யார்?

இன்றிரவே ஒரு நேரத்தைக் குறியுங்கள். பதினைந்து நிமிடம் போதும். பிள்ளைக்கு விளங்கும் மொழியில் ஒரு வேதபகுதி, தமிழில் ஒரு பாட்டு, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஒரு ஜெபம். விருந்தினர் வந்தாலும் அந்த நேரம் தவற வேண்டாம். பழைய கோபுரத்தை இங்கே கொண்டுவர இயலாது. ஆனால் புதிய கோபுரத்தைக் கட்டத் தேவன் நமக்குக் கிருபை அளிக்கிறார்.

கர்த்தர்தாமே உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.