சிறு தோட்டத்தில் பலவகைத் தக்காளி, இடையிடையே பூக்கள்

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தக்காளியின் சில்லறை விலை நாட்டின் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைக் கடந்தது. சில இடங்களில் 200 ரூபாயையும் தாண்டியது. மத்திய அரசே கூட்டுறவு அமைப்புகளின் வழியாகக் கிலோ 90 ரூபாய்க்கு விற்கத் தொடங்கி, பின்னர் 80 ரூபாய், 70 ரூபாய் எனக் குறைத்தது. அந்நாள்களில் வங்கிக் கிளைக்கு வந்த வாடிக்கையாளர்கள் சிலர் வைப்புத்தொகையின் வட்டி விகிதத்தைக் கேட்ட கையோடு, "வீட்டிலேயே பத்துச் செடி வைத்துவிட்டால் என்ன?" என்றும் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதே. எனினும் வணிகவியல் படித்தவனுக்கு முதலில் தோன்றுவது கணக்குதான். பத்துச் செடிகள் வைப்பதாகக் கொள்வோம். தொட்டியிலோ சிறு பாத்தியிலோ வளரும் ஒரு செடி ஒரு பருவத்தில் 2 கிலோ தருவதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 20 கிலோ. சாதாரண நாள்களின் விலையாகக் கிலோவுக்கு 30 ரூபாய் எனக் கொண்டால் அதன் மதிப்பு 600 ரூபாய். வளர்ப்புப் பைகள், செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, ஊன்றுகோல், கயிறு ஆகியவற்றிற்கு முதல் ஆண்டில் ஆகும் செலவு இத்தொகையை எளிதில் விஞ்சிவிடும். விலை 200 ரூபாயைத் தொடும் வாரத்தில் நம் வீட்டுச் செடியும் காய்த்து நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. சந்தையின் வரத்தைக் குறைக்கும் அதே மழையும் அதே நோயும் நம் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றுவிடுவதில்லை.

ஆகவே சந்தையில் கிடைக்கும் தக்காளியையே வீட்டிலும் விளைவிப்பதில் பெரிய இலாபம் இல்லை. சிறிய தோட்டத்தின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. சந்தையால் சுமந்துவர இயலாத தக்காளிகளை அதனால் தர இயலும். ஓர் இரகத்தில் பத்துச் செடிகள் வைப்பதைவிட, ஆறேழு இரகங்களில் ஒன்றிரண்டு செடிகள் வைப்பதே அங்கு அறிவுடைமை.

சந்தைத் தக்காளி ஏன் எங்கும் ஒன்றுபோல் இருக்கிறது என்பதை அறிய, பெங்களூருவிலிருந்து கிழக்கே கோலார் வரை சென்று வந்தால் போதும். ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் அது ஒன்று. அங்கு ஏலம் போகும் பெட்டிகள் சரக்கு வண்டிகளில் ஏறி, பல மாநிலங்களைக் கடந்து, வட இந்திய நகரங்கள் வரை செல்கின்றன. இப்பயணத்தைத் தாங்கவேண்டுமானால் தோல் தடித்திருக்கவேண்டும், சதை இறுகியிருக்கவேண்டும், நிறம் திரும்பத் தொடங்கும்போதே பறித்துவிடவேண்டும். மெல்லிய தோலும் மிகுந்த சாறும் உடைய பழம் பெட்டியின் அடித்தட்டிலேயே நசுங்கிவிடும். வணிகர் அதனை வாங்காமல் இருப்பது அவருடைய தவறன்று. ஆனால் செடிக்கும் சமையலறைக்கும் இடையே பதினைந்து அடி தூரமே உள்ள வீட்டில் அக்கட்டுப்பாடு எதற்கு? செடியிலேயே முழுதாகச் சிவக்கவிட்டுப் பறிக்கலாம்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதிகளில் காட்டுச்செடியாக இருந்த தக்காளியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர் என்பர். நம் பெரியவர்கள் அதனைச் 'சீமைத் தக்காளி' என்றே அழைத்தனர். வந்த விருந்தாளியை வீட்டுக்காரரிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த பெயர் அது. இன்று அடைமொழி மறைந்து, வெறும் 'தக்காளி' என்றாலே விருந்தாளியைத்தான் குறிக்கிறது.

இரகங்களைத் தெரிவு செய்யுமுன் ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். சில செடிகள் குறிப்பிட்ட உயரத்தோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, ஏறத்தாழ ஒரே சமயத்தில் காய்த்து ஓய்ந்துவிடும். இவை குற்றுச்செடிகள். வேறு சில, கொடிபோல் ஆறடிக்கும் மேலே வளர்ந்துகொண்டே, சிறிது சிறிதாகப் பல வாரங்கள் காய்க்கும். தேனி அருகேயுள்ள அன்னஞ்சியின் நாட்டுத் தக்காளியிலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 முதல் வகையைச் சேர்ந்தது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ரூபி இரண்டாம் வகை. அதன் பழம் சற்றே தட்டையாக, மேற்புறம் வரிவரியாகப் பள்ளம் விழுந்து, ரசத்திற்கு ஏற்ற புளிப்போடு இருக்கும். (பூசா என்பது பீகாரில் உள்ள ஊர். 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அங்கிருந்த கட்டடம் சேதமுற்றபின் நிறுவனம் டெல்லிக்குக் குடிபெயர்ந்தது. ஊரின் பெயரும் கூடவே வந்துவிட்டது.) நெல்லிக்காய் அளவே உள்ள செரி தக்காளியில் சிவப்பும் மஞ்சளும் உண்டு. சான் மர்சானோ, ரோமா ஆகியவை நீண்ட வடிவின. விதையும் நீரும் குறைவாக இருப்பதால் தொக்குக்கு மிகவும் ஏற்றவை. செரோக்கி பர்ப்பிள் பழுத்தால் கருஞ்சிவப்பாகும். கிரீன் சீப்ரா பழுத்த பின்னும் பச்சையாகவே இருந்து, மஞ்சள் கோடுகளால் மட்டும் பழுத்ததைக் காட்டும். அதனைக் காயென்று எண்ணிக் கூட்டில் போட்டுவிடும் அபாயம் உண்டு. வீட்டில் உள்ளோர்க்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இத்தனை அழகையும் ஒரே மாதத்தில் அழித்துவிடக்கூடிய பகை ஒன்று இந்தியத் தோட்டங்களில் உள்ளது. அதுவே இலைச்சுருள் நோய். வெள்ளை ஈ எனப்படும் மிகச் சிறிய பூச்சி பரப்பும் நச்சுயிரியால் இது வருகிறது. இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு சிறுத்துவிடும். செடி குட்டையாகி நின்றுவிடும். காய்ப்பு ஏறக்குறைய இல்லை எனலாம். தாக்கப்பட்ட செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி அப்புறப்படுத்துவது ஒன்றே வழி. குளிர்நாடுகளில் புகழ்பெற்ற பழைய இரகங்கள் பெரும்பாலும் இந்நோய்க்கு எதிராக எந்தப் பாதுகாப்பும் இல்லாதவை. விதை உறையின் வண்ணப்படத்தை மட்டும் நம்பித் தோட்டம் முழுவதையும் அவற்றால் நிரப்புவோர் இதனை எண்ணிப்பார்க்கவேண்டும்.

இவ்விடத்தில்தான் பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி நமக்குக் கைகொடுக்கிறது. அந்நிறுவனத்தின் இரகங்கள் சூரியனைக் குறிக்கும் 'அர்கா' என்னும் வடசொல்லைப் பெயரின் முன் தாங்கியிருக்கும். அவற்றுள் அர்கா ரக்ஷக் என்னும் வீரிய ஒட்டு இரகம் இலைச்சுருள் நோய், பாக்டீரியா வாடல் நோய், முன்பருவ இலைக்கருகல் நோய் ஆகிய மூன்றையும் எதிர்த்து நிற்கும் ஆற்றல் உடையது. இத்தகைய செடிகளை நான்கில் இரண்டு பங்கு வையுங்கள். நாட்டு இரகங்களுக்கும் செரி தக்காளிக்கும் ஒரு பங்கு. எஞ்சிய ஒரு பங்கை மட்டும் ஆசைக்காக, வெளிநாட்டுப் பழைய இரகங்களுக்கு ஒதுக்குங்கள். முதலீட்டு ஆலோசனை கேட்டு வருவோர்க்கு நாங்கள் கூறும் பழைய பாடந்தான் இது. செடிகளுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஒரு நோய் வந்தால் எல்லாம் போகாது. ஒரு வாரத்தில் எல்லாம் பழுத்துக் குவியவும் செய்யாது.

நாற்றுப் பருவத்தில்தான் வெள்ளை ஈயின் தாக்குதல் மிகக் கொடியது. எனவே விதைத்த நாள் முதல் நடும் நாள் வரை நாற்றுத்தட்டை நெருக்கமான நைலான் வலையால் மூடிவைக்கவேண்டும். 25 நாள் வயதில் நாற்றை எடுத்து, தண்டின் கீழ்ப்பகுதியையும் மண்ணுக்குள் புதைத்து நடுக. தக்காளித் தண்டு புதைந்த இடமெங்கும் வேர் விடும் இயல்புடையது. நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயிலாவது தேவை. அது கிடைக்காத பால்கனியில் தக்காளியை விட்டுவிட்டுக் கீரை வைப்பதே மேல். உயரமாக வளரும் செடிகளை வடக்கு ஓரத்தில் வைத்தால், குளிர்காலத்தில் தெற்கே சாய்ந்து செல்லும் கதிரவனின் ஒளி மற்றச் செடிகளுக்குத் தடைபடாது.

இனி, பூக்கள். பத்துச் செடிக்கே இடம் போதாதபோது பூச்செடி எதற்கு என்று கேட்போர் உண்டு. இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பூக்களுக்குக் கொடுங்கள் என்பேன். அது அலங்காரத்திற்காக மட்டுமன்று.

தக்காளிப் பூவில் தேன் கிடையாது. அதன் மகரந்தம், நடுவே கூம்புபோல் ஒட்டியிருக்கும் மகரந்தப் பைகளுக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்யும் வண்டினங்களால் மட்டுமே அதனை நன்றாக உதிர்க்க முடியும். தேன்கூட்டில் வாழும் தேனீக்களுக்கு இக்கலை தெரியாது. நம் ஊர்களில் மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும், வயிற்றில் நீலப்பட்டைகள் கொண்ட தனித்து வாழும் தேனீயும் இதில் வல்லவை. தேனில்லாத தக்காளிக்காக மட்டும் அவை நம் வீட்டைத் தேடி வருவதில்லை. துளசி, திருநீற்றுப் பச்சிலை, காஸ்மாஸ், ஜினியா, சூரியகாந்தி ஆகியவை பூத்திருந்தால் தேனுக்காக வருபவை, போகிற போக்கில் தக்காளிக்கும் உதவி செய்துவிட்டுப் போகும். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறக்கூடியது; வண்டு வராத மாடிகளில் காலை வேளையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டாலும் காய் பிடிக்கும்.

செண்டுமல்லியின் பணி வேறு. தக்காளிக் காயைத் துளைக்கும் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, செண்டுமல்லி மொட்டுகளை மிகவும் விரும்பி அங்கு முட்டையிடும். வயல்களில் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என நடுமாறு தோட்டக்கலை ஆய்வாளர்கள் பரிந்துரைக்கின்றனர். இரண்டும் ஒரே காலத்தில் பூக்கவேண்டும் என்பதற்காக, 25 நாள் தக்காளி நாற்றோடு 45 நாள் செண்டுமல்லி நாற்றை நடவேண்டும். அதாவது செண்டுமல்லியை 20 நாள் முன்னதாகவே விதைத்துவிடவேண்டும். நட்டதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடலாகாது. வாரம் இருமுறை மொட்டுகளைப் பார்த்து, புழுக்களைப் பொறுக்கி எடுத்தால்தான் அது பொறி. இல்லையேல் புழு வளர்ப்புப் பண்ணையாகவே அது மாறிவிடும்.

செண்டுமல்லியின் வேரிலிருந்து வெளிப்படும் பொருள் மண்ணிலுள்ள நூற்புழுக்களை ஒடுக்கும் என்பதும் உண்மையே. ஆனால் தக்காளிக்கு அருகே ஒரு செடி வைத்தால் போதும் என்பது மிகையான நம்பிக்கை. வேர்முடிச்சு கண்ட பாத்தியில் இரண்டு, மூன்று மாதங்கள் செண்டுமல்லியை மட்டுமே நெருக்கமாக வளர்த்து, பின்னர் அதனை மண்ணோடு மடக்கிவிட்டால் பயன் தெரியும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை எடுத்த இடத்தில் உடனே மற்றொன்றை வைப்பதைத் தவிர்க்கவேண்டும். இந்த இடைக்காலத்தைப் பூக்களுக்குக் கொடுத்தால் தோட்டமும் வெறுமையாக இராது.

எம்மைப்போல் ஊர் மாறுவோர் அறியவேண்டியது பருவம். பகலில் 35 பாகை செல்சியசும் இரவில் 24 பாகையும் தாண்டினால் தக்காளிப் பூக்கள் பெருமளவில் உதிர்ந்துவிடும். வெப்பம் 30 பாகைக்கு மேலே தொடர்ந்தால் சிவப்பு நிறமும் சரியாக ஏறாமல் பழம் வெளிறிய மஞ்சளாகவே நின்றுவிடும். அது உரக்குறை அன்று. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் ஆண்டின் பெரும்பகுதி தக்காளிக்கு உகந்தது. டெல்லியில் டிசம்பர், ஜனவரிப் பனியிலிருந்து காத்து, பிப்ரவரியில் நட்டு, மே மாத அனல் வருமுன் அறுவடையை முடித்தாகவேண்டும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் தை, மாசி மாதங்களே பொற்காலம். வெயில் ஏறிய பின்னும் ஓரளவு காய்ப்பவை செரி தக்காளிகள்தாம்.

காயின் அடிப்பகுதி கறுத்து அழுகினால், முட்டை ஓட்டைத் தேடி ஓடுவது வழக்கமாகிவிட்டது. சுண்ணாம்புச்சத்துக் குறைவே காரணம் என்பது சரி. ஆனால் அச்சத்து பெரும்பாலும் மண்ணில் இருக்கவே செய்கிறது. ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக நீர் ஊற்றினால் அது காயைச் சென்றடைவதில்லை. காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்டு, அளவான நீரை முறையாகக் கொடுப்பதே முதல் மருந்து.

பல இரகங்கள் வளர்ப்பதன் முழுப்பயன் விதையில் இருக்கிறது. வீரிய ஒட்டு இரகத்தின் விதையை எடுத்து விதைத்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. அதனை ஒவ்வொரு முறையும் வாங்கவேண்டும். பி.கே.எம். 1, பூசா ரூபி, பழைய இரகங்கள் ஆகியவற்றின் விதை ஆண்டுதோறும் நம்முடையது. அடுத்தடுத்து நின்றாலும் தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பதால் கலப்பு குறைவே. முழு உறுதி வேண்டுவோர், பூ விரியுமுன் ஒரு கொத்தை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, காய் பிடித்தபின் அவிழ்த்து, அக்கொத்தில் நூல் கட்டி அடையாளம் செய்துகொள்ளலாம்.

நன்கு கனிந்த பழத்தின் விதையைச் சாற்றோடு ஒரு கண்ணாடிக் குவளையில் பிழிந்து, இரண்டு மூன்று நாள்கள் புளிக்கவிடுக. விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு கரைந்து, நல்ல விதைகள் அடியில் தங்கும். அவற்றை அலசி, நிழலில் பீங்கான் தட்டில் பரப்பி உலர்த்தவேண்டும். தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுதல் உத்தரவு வரும் எங்களைப் போன்றோர்க்குத் தொட்டிகளையும் மண்ணையும் அண்டை வீட்டாரிடம் விட்டுச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஏழெட்டு இரகங்களின் விதைகளோ சட்டைப்பையில் அடங்கிவிடும். இரகத்தின் பெயர், பறித்த மாதம், வளர்ந்த ஊர் ஆகிய மூன்றையும் உறையின்மேல் எழுதி, காற்றுப் புகாத புட்டியில் வைத்தால் நான்கைந்து ஆண்டுகள் வரை முளைக்கும்.